பொடக்காளித் தோட்டம்: காய்க்காத போதும், காய்த்தும் தட்டுக்கு வராத போதும்

தாராபுரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, பின்னால் பொடக்காளி என்று நாங்கள் சொல்லும் புழக்கடையில் இரண்டு சென்ட் இடத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கீரையும் காயும் விளைவிக்கிறேன். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுப் பொடக்காளித் தோட்டம் படுத்துவிட்டாலும் "அம்மிணி, ஒரு எட்டு வந்து பாருங்கள்" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்த வீடுகளில் எல்லாம் அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் சரியாகக் கூடியவை. அதற்குள் யாராவது ஓடிப்போய் மருந்து வாங்கி அடித்திருப்பார்கள், பிறகு அந்தக் கீரையைப் பிள்ளைக்குக் கொடுக்கப் பயந்து நிற்பார்கள்.

பாத்தி பச்சைப் பசேலென்று இருக்கும் வீட்டிலேயே ரத்தம் குறைந்து கண் இமைக்குள் வெளுத்துப்போன மருமகளையும் பார்த்திருக்கிறேன். அதையும் தோட்டத்தின் கோளாறாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் தின்னத்தானே தோட்டம் போட்டோம்? ஆகவே கடைசி இரண்டு தலைப்புகள் சமையலறைக்குள் நடப்பவை.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது பின்னால் வரும். வரிசையை மாற்றாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று சோதனைகள்

ஆள்காட்டி விரலைச் செடிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்த வீடுகள் நிறைய.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சி அங்கேதான் இருக்கும்.

தண்ணீர் பாய்ந்து காய்ந்த வரப்போரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் மற்ற எதையும் தொடும் முன் மூன்றாம் அறிகுறியின் "ஓரம் கருகினால்" பகுதியைப் படித்துவிடுங்கள்.

## அறிகுறி 1: விதைத்து ஒரு வாரமாகியும் முளைக்கவில்லை

நாள் ஆகவில்லை. தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் மூன்று முதல் ஐந்து நாளில் தலைகாட்டும். கொத்தமல்லிக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதுவும் விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டிருந்தால். பாகல், பீர்க்கன் விதைகளுக்குத் தோல் தடிப்பு. ஓர் இரவு ஊறவைக்காமல் ஊன்றியிருந்தால் இன்னும் பொறுங்கள்.

எறும்பு. கீரை விதை காணாமல் போவதற்கு எங்கள் பக்கம் முதல் காரணம் இதுதான். விதைத்த அன்று சாயங்காலமே வரிசை கட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். பாத்தியைச் சுற்றி ஒரு கைப்பிடி நொய் மாவைத் தூவினால் எறும்பு அதைச் சுமந்துகொண்டு போகும், விதை பிழைக்கும். "கண்ணு, எறும்புக்கு ஒரு பிடி வைத்துவிட்டு விதை போடு" என்று எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சொல்வார். சோதித்துப் பார்த்தேன், வேலை செய்கிறது.

ஆழம். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே சன்னமாக மண் சலித்துவிட்டால் போதும். களைக்கொத்தால் கிளறி மூடினால் முளை வெளியே வராது.

மேல்மண் ஓடு கட்டியது. செம்மண்ணில் ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிவிடும், முளை உள்ளேயே முட்டிக்கொண்டு சாகும். விதைத்ததும் மெல்லிய வைக்கோல் மூடாக்குப் போட்டு, முளைத்த அன்று எடுத்துவிடுங்கள்.

பழைய விதை. இருபது விதைகளை ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். ஐந்தாறு நாளில் பத்துக்கும் குறைவாக முளைவிட்டால் அந்தப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் புது விதை வாங்குங்கள்.

மக்காத தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சல்லிசாகக் கிடைக்கிறது என்று மூட்டை மூட்டையாகப் பாத்தியில் கொட்டிவிடுகிறோம். பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் மிகுதி. முளை வராது, வந்தாலும் மஞ்சளித்து நிற்கும். பாத்தியிலிருந்து வாரி எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, சாணத்தோடு சேர்த்து மக்கவைத்துப் பிறகு போடுங்கள்.

## அறிகுறி 2: முளைத்த நாற்று காலையில் இல்லை

யார் தின்றது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

தண்டு தரையோடு வெட்டப்பட்டு, செடி பக்கத்திலேயே கிடந்தால் அது வெட்டுப்புழு. செடியடி மண்ணை ஓர் அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இலையில் ஓட்டையும் தரையில் வெள்ளிக் கோடும் இருந்தால் நத்தை. இரவில் ஈரச் சாக்கை விரித்துவைத்துக் காலையில் திருப்பினால் அடியில் கூடியிருக்கும். மண் கீறிக் கிடந்தால் நம் வீட்டுக் கோழியேதான்.

செடியின் நுனி மட்டும் கொத்தப்பட்டு, பாத்தி நெடுகக் கால்தடம் பெரிதாக இருந்தால் மயில். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இப்போது மயில் இறங்காத தோட்டம் அரிது. மயில் நம் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம். பாத்தியின்மேல் முழங்கால் உயரத்தில் பழைய சேலையையோ மீன்வலையையோ இருபது நாள் கட்டிவிடுங்கள். நாற்று தண்டு முற்றியதும் எடுத்துவிடலாம். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வெட்டுத்துணியை நீளமாகக் கிழித்துக் குறுக்கும் நெடுக்கும் கட்டினாலும் இறங்கத் தயங்கும். ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிடும், ஆகவே இடத்தை மாற்றிக் கட்ட வேண்டும். நிரந்தரத்துக்குக் கிளுவை வேலியும் அதன்மேல் வலையும்தான் வழி. கூட்டமாக வந்து தாங்க முடியவில்லை என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

## அறிகுறி 3: இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த இலை, எந்த இடம் என்று பாருங்கள்.

அடி இலை முழுவதும் மஞ்சள், நுனி பச்சை. தழைச்சத்துக் குறைவு. மக்கிய எரு ஒரு கூடை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஞ்சகவ்யம். லிட்டருக்கு 30 மில்லி போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய அளவும் 3 சதவீதம்தான், கூட்டினால் பலன் கூடுவதில்லை. பச்சைச் சாணத்தை நேரே செடியடியில் வைக்காதீர்கள், கரையானும் வேர்ப்புழுவும் வரும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை. நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் அடிக்கடி வரும். முதலில் தண்ணீரைக் குறையுங்கள், எரு சேருங்கள். பத்து நாளில் தெளியாவிட்டால் உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கேளுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, சாயங்கால வேளையில் இலையில் தெளிப்பு, பத்து நாள் விட்டு இன்னொரு முறை. தெளித்து ஒரு வாரம் கழித்து அலசிச் சமையுங்கள்.

வெண்டையில் நரம்பே வலைபோல மஞ்சள். இதற்கு மருந்தே இல்லை. மஞ்சள் நரம்பு நோய் என்னும் வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடியை அன்றே பிடுங்கிக் குழியில் மூடிவிடுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்தால் பத்து நாளில் பாத்தி முழுக்கப் பரவும். மீதிச் செடிகளுக்கு நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி நட்டுவையுங்கள், ஈ ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு முறை வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து அடிக்க வேண்டும். அடுத்த முறை நோய் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

பகலில் வாடி இரவில் தெளிகிறது, வளர்ச்சி இல்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டையை அந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போட்டதன் பலன். இரண்டு பட்டம் (விதைப்புப் பருவம்) அங்கே செண்டுமல்லி போடுங்கள், வேப்பம் புண்ணாக்கு இடுங்கள். தட்டைப்பயறு, அவரை வேரிலும் உருண்டை இருக்கும், அது நல்லது செய்யும் பாக்டீரியா. நகத்தால் சுரண்டினால் எளிதில் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து செடியைப் பிடுங்கியவர்கள் உண்டு.

இலை ஓரம் கருகினால். போர்வெல் உப்புத் தண்ணீர். கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் ஆயிரம் அடியிலிருந்து வரும் தண்ணீரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. செலவில்லாத வழி: தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதை விட்டு, இடைவெளி விட்டு நன்றாகப் பாய்ச்சுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மூடாக்குப் போடுங்கள். அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் கீரைக்குத் திருப்புங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம். பயிரை மாற்றிப் பாருங்கள்: பீன்ஸ் உப்பைத் தாங்கவே தாங்காது, கொத்தவரையும் பீட்ரூட்டும் பருப்புக்கீரையும் தாங்கும்.

இதற்கும் அடங்காவிட்டால் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் காய்கறி வேண்டாம், மழைநீர்த் தொட்டிக்குச் செலவு செய்யுங்கள். நொய்யல் கரையோரம் குடியிருப்பவர்கள் இந்தப் பரிசோதனையைத் தோட்டம் போடும் முன்பே செய்யுங்கள். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவு சுற்று வட்டாரக் கிணறுகளை எவ்வளவு கெடுத்தது என்பது நமக்குத் தெரியும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையே மூடச் சொன்னது. பட்டறைகள் திருந்தினாலும் மண் திருந்த நாளாகும்.

## அறிகுறி 4: பூக்கிறது, காய் நிற்பதில்லை

பந்தல் கொடியா? முதல் பதினைந்து இருபது நாள் வருவது பெரும்பாலும் ஆண் பூ. காம்பில் பிஞ்சு இல்லாமல் உதிர்ந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். பிஞ்சோடு வந்த பெண் பூ மஞ்சளித்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. நீங்களே சேர்த்துவிடலாம்: ஆண் பூவைப் பறித்து இதழை மடக்கிப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். நேரம் முக்கியம். பூசணிக்கு விடியற்காலை, பாகலுக்குக் காலை, பீர்க்கன், சுரை, புடலைக்குச் சாயங்காலம் பூ விரியும்போது. காலை பத்து மணிக்குப் பீர்க்கன் பந்தலடியில் நின்று பயனில்லை. தேனீயே வருவதில்லை என்றால் போன வாரம் என்ன மருந்து அடித்தீர்கள் என்று யோசியுங்கள்.

பிஞ்சு நின்று, பிறகு கோணலாகி அழுகினால் காய் ஈ குத்தியிருக்கிறது. குத்திய காயைப் புதைத்துவிடுங்கள். அடுத்த பிஞ்சைக் கட்டைவிரல் அளவிலேயே காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள்.

முருங்கையா? பூக்கும் சமயத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டால் பூ கொட்டும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை நன்றாக வருவதே காய்ந்த பூமி என்பதால்தான். பொடக்காளியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கும் இடத்தில் நட்டுவிட்டு, காய்க்கவில்லை என்கிறோம். வாய்க்காலைத் திருப்புங்கள், அவ்வளவுதான். இலைக்காக வளர்க்கும் மரத்தை ஆண்டுக்கு ஒரு முறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். வீட்டுப் பெண்ணின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் கீரை குழம்புக்கு வராது.

தக்காளியா? சித்திரை வெயிலில் பூ உதிர்வது இயல்பு. நிழல் வலை வாங்கவேண்டாம், அந்த இரண்டு மாதம் கொத்தவரையும் வெண்டையும் போடுங்கள், தக்காளியை ஆடிப் பட்டத்துக்கு வையுங்கள்.

## அறிகுறி 5: இலைமேல் கரி பூசியதுபோல், அல்லது வெள்ளைப் பஞ்சு

கரியைத் துடைத்தால் வருகிறதா? நிமிர்ந்து மேலே பாருங்கள், தென்னை இருக்கும். 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னோலையின் அடியில் உட்கார்ந்து தேன்போல் ஒழுகவிடுகிறது, அது கீழே இருக்கும் கொய்யா, வாழை இலைமேல் விழுந்து கரும்பூசணம் படர்கிறது. செடிக்கு நோய் இல்லை. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அரிசிக் கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும். தென்னையில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். பூச்சிமருந்து கட்டாயம் வேண்டாம், இந்த ஈயைத் தின்னும் குளவி செத்துவிடும்.

பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு என்றால் மாவுப்பூச்சி. 2008-ல் கோவையில் புகுந்து மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் அழித்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கொஞ்சமாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். மரம் முழுக்கப் படர்ந்திருந்தால் இலையைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். கோபியிலும் காரமடைப் பக்கமும் நாமக்கல்லிலும் இருக்கிறது. போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருந்தால் பகலில் நீளக் குச்சியில் துணி சுற்றித் தீப்பந்தம் காட்டுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், முடி பட்டால் தடித்துவிடும்.

## அறிகுறி 6: ஒரு மாதம் கொட்டுகிறது, மறு மாதம் ஒன்றும் இல்லை

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தீர்கள். வேறு காரணமே கிடையாது. புரட்டாசி முழுக்க வெண்டையாகத் தின்று பிள்ளைகள் வெறுத்துவிடும், கார்த்திகையில் சந்தைக்குப் பை தூக்க வேண்டும்.

கீரைப் பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பகுதி விதையுங்கள். அதில் ஒன்று கிள்ளுக்கீரையாக இருக்கட்டும். கோ 3 ரகத்தை இருபதாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை கிள்ளலாம், பத்துக் கிள்ளல் வரை தாங்கும். வெண்டையும் கொத்தவரையும் ஐந்தைந்து செடியாக, பதினைந்து நாள் இடைவெளியில். வரப்போரத்தில் எதற்கும் அசையாத நான்கு மரம்: முருங்கை, அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை. வெயிலில் பாத்தி காய்ந்த மாதங்களில் வீட்டைக் காப்பாற்றுபவை அவைதான்.

தானாக முளைப்பதைக் களை என்று பிடுங்காதீர்கள். ஐப்பசி மழைக்குப் பின் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சுக்குட்டிக் கீரையும் (மணத்தக்காளி) விதைக்காமலே வரும். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் காட்டுக்குப் போய்த் திரும்பும் பெண்களின் மடியில் இது இல்லாத நாள் இருக்காது. களைக்கொல்லி அடித்த வரப்பில் மட்டும் பறிக்கவேண்டாம்.

## அறிகுறி 7: நாட்டுக்கோழி முட்டையை நிறுத்திவிட்டது

அடை காக்கிறதா, இறகு உதிர்க்கிறதா, மறைவில் வேறெங்காவது இடுகிறதா? மூன்றும் இல்லையென்றால் முட்டை ஓட்டைப் பொடித்துத் தீவனத்தில் கலந்து கொடுங்கள், அசோலா என்னும் நீர்ப்பாசியைப் போடுங்கள். பகல் குறையும் மார்கழியில் முட்டையும் குறையும். வெள்ளையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றால் வெள்ளைக் கழிச்சல். வந்த பிறகு சிகிச்சை இல்லை. மற்றக் கோழிகளைப் பிரித்துவிட்டு அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். தடுப்பூசி அங்கேயே போடுவார்கள்.

## அறிகுறி 8: தோட்டம் காய்க்கிறது, தட்டில் இல்லை

சோதனை இதுதான்: ஒரு வாரம், சமையலுக்குப் போகும் காய், கீரை, பழத்தை எடைபோட்டுச் சுவரில் கரியால் எழுதுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் வீட்டுக்கு 1.6 கிலோ. நான் எழுதவைத்த வீடுகளில் அரைக்கிலோவைத் தாண்டியது அபூர்வம், வாசலில் காய் குவிந்து கிடக்கும்போதே.

குழம்புக் காய் மட்டும்தான் காய் என்ற பழக்கம். சாம்பாரில் ஆளுக்கு இரண்டு துண்டு முருங்கைக்காய் கணக்கில் சேராது. பொரியல் ஒன்று, கடைசல் ஒன்று என்று தனியாக வைக்கவேண்டும். நேரமில்லை என்பது உண்மை, விடியலில் கம்பெனி வேன் வந்துவிடுகிறது. அந்த நாட்களில் அரிசிம்பருப்புச் சாதத்தில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையையும் நறுக்கிய காயையும் சேர்த்தே விசில் விட்டுவிடுங்கள்.

பிள்ளை தொடுவதில்லை. பறிக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். கீரையைச் சந்தகையில் (இடியாப்பம்போலப் பிழிவது) பிசைந்தோ கம்பு அடையில் கலந்தோ கொடுங்கள். எட்டுப் பத்து முறை வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் போடும், அதற்குள் சலித்துப்போவது நாம்தான்.

விற்றுவிடுகிறோம். நல்ல காய் சந்தைக்கு, சொத்தைக் காய் வீட்டுக்கு. இதைச் சொன்னால் சில மாமியார்களுக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் சொல்வேன். வீட்டுக்கு வேண்டிய 1.6 கிலோவை எடுத்துவைத்துவிட்டு மீதியை விற்கட்டும். விற்ற காசில் வாரம் ஏழெட்டு முட்டையாவது வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

கடைசியாகத் தின்பவளுக்கு ஒன்றுமில்லை. சட்டியை வழித்து ரசத்தோடு முடித்துக்கொள்ளும் பெண்தான் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியவள். பரிமாறும் முன்பே அவளுடைய பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நான் போன வீடுகளில் இந்த ஒரு கிண்ணம் வேறெந்த உரத்தையும்விட அதிகம் மாற்றியிருக்கிறது.

## அறிகுறி 9: தட்டிலும் இருக்கிறது, களைப்பும் வெளுப்பும் போகவில்லை

நம் மாநிலத்தில் இது சில வீட்டுப் பிரச்சினை இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதமும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதமும் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். கீரை தின்றும் ஏறவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். செலவே இல்லாத இந்த ஒன்றுக்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

புளிப்பு இல்லை. கீரை, கொள்ளு, கம்பு எதுவானாலும் அதே வேளையில் எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் அதன் சத்துப் போய்விடும்.

எண்ணெய் இல்லை. பப்பாளி, பூசணி, கீரையில் உள்ள வைட்டமின் ஏ கொழுப்போடுதான் சேரும். கடைசலில் ஒரு கரண்டி கடலை எண்ணெய் தாளிக்க யோசிக்க வேண்டாம்.

ஊறவைக்காத தானியம். கம்பையும் கொள்ளையும் பச்சைப்பயறையும் ஊறவைத்து முளைகட்டினால் இரும்பு எளிதில் சேரும். பழைய கம்மங்கூழ் புளித்த பிறகு குடித்த வழக்கத்தில் காரணம் இருந்தது.

செருப்பு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று வேலை செய்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறி, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். தோட்டம் கொடுப்பதைத் தோட்டமே எடுத்துக்கொள்ளும். பொடக்காளிக் கதவருகே ஒரு ஜோடி செருப்பு எப்போதும் கிடக்கட்டும், பிள்ளைக்கும் சேர்த்து. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை விடாமல் போடுங்கள்.

இதற்கு மேல் தோட்டத்தால் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கீரையைக் காட்டித் தட்டிக் கழிக்காதீர்கள். குறைந்து போனதை நிரப்புவது மாத்திரை, மீண்டும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் தோட்டத்தின் வேலை. மாத்திரை சாப்பிட்டு மலம் கறுத்தால் பயப்படவும் வேண்டாம்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தாலோ, நடந்தால் மூச்சு வாங்கினாலோ, மாதவிலக்கில் ரத்தம் மிகுதியாகப் போனாலோ அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் கை நடுச் சுற்றளவை அங்கன்வாடி ஊழியரிடம் அளக்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தொடர்ந்து கவனிப்பு வேண்டும். 11.5-க்குக் குறைந்தால் அறுவடைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். பாத்திக்குத் தண்ணீர் விடுவதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.